மைக்கில் முடிந்த காசு

வேண்டுதல் பலிக்குமா என்று யாராவது என்னைக் கேட்டால், பலிக்கும், பார்த்துக் கேள் என்றுதான் சொல்வேன். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவன் நான். ஒரு தடவை கப்பலிலிருந்து ஒரு ரயில் எஞ்சினைத் தூக்கி, கீழே நின்ற மேஸ்திரி டீ குடித்து, பீடி பிடித்து, டீக்கடைக்காரனோடு ஒரு சண்டையும் போட்டு முடிக்கிறவரை அந்தரத்திலேயே வைத்திருந்தேன். எஞ்சின் ஒரு விரற்கடை ஆடவில்லை. இதை எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் நம்புவதில்லை. அது அவர்கள் பாடு. பக்கத்து வீட்டு முத்தம்மா வேண்டிக்கொண்ட விஷயத்தில் அந்தத் தகராறே கிடையாது. அவள் அம்மனிடம் சொன்னதைக் கடலில் இருந்த நாற்பத்தி சொச்சம் படகுகளும், காசிமேட்டு மீன் ஏலக் கூடமும் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கின்றன.

எண்ணூர் போகிற சாலைக்கும் கடலில் கொட்டியிருக்கிற கருங்கல்லுக்கும் நடுவே எங்கள் குப்பம். ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் கண்டெய்னர் லாரி. இரண்டும் ஓய்வதில்லை. முத்தம்மாவின் புருஷன் கோதண்டத்தின் வீடு எனக்கு அடுத்த வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி, மேலே மொட்டை மாடியில் பத்தடிக் குழாயில் ஓர் ஏரியல். அந்த ஏரியலின் மறுமுனை கீழே அறையில், எல்லையம்மன் படத்துக்குப் பக்கத்துப் பலகையில் இருக்கிற வயர்லெஸ் பெட்டிக்கு வரும். கடலுக்குப் போன படகோடு கரையிலிருந்து பேசுவதற்கு அதுதான் வழி. பெட்டியிலிருந்து சுருள் வயரில் ஒரு மைக் தொங்கும். மைக்கின் பக்கவாட்டில் ஒரு பொத்தான். அமுக்கினால் நாம் பேசலாம், விட்டால் அவர்கள் பேசுவது கேட்கும். அமுக்கியபடியே இருந்தால் அந்த நம்பரில், அதாவது அந்தச் சேனலில், வேறு ஒருவரும் வாயைத் திறக்க முடியாது. எங்கள் பக்கத்துப் படகுகள் எல்லாமே பத்தாம் நம்பரில்தான் இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் மனுசர் சமாசாரம்.

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. கோதண்டம் வாசலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தான். தொட்டுக்கொள்ள சுட்ட வாளைக் கருவாடு. மடியில் அவன் படகுக்கு எடுத்துப்போகிற கை வயர்லெஸ். அதில் நம்பர் மாற்றுகிற குமிழ் கழன்று விழுந்துவிட்டது. மகன் அர்ஜுன் காசிமேட்டில் செல்போனும் வயர்லெஸ்ஸும் ரிப்பேர் செய்கிற சின்னக் கடை வைத்திருக்கிறான். இருபத்திரண்டு வயது. அவன் கையை நீட்டினான்.

"குடுப்பா, கடைக்கு எடுத்துனு போயி சாயங்காலம் சரி பண்ணித் தரேன்."

"நீ ஒண்ணும் புடுங்க வேணாம்." கோதண்டம் எம்-சீலைப் பிசைந்துகொண்டிருந்தான். ஓட்டைப் படகு முதல் உடைந்த பல்செட் வரை எங்கள் ஆட்கள் எம்-சீலில்தான் ஒட்டுவார்கள். "படகுல கால வெச்சா பத்து நிமிசத்துல கொடலக் கக்கறவன்லாம் படகு சாமான்ல கைய வெக்காதே."

"செட்டுக்கும் வாந்திக்கும் இன்னாப்பா சம்பந்தம்?"

"எங்கப்பன் கடலு, எங்கப்பனுக்கு அப்பன் கடலு. எனுக்குப் பொறந்தது கடலப் பாத்தா வாந்தி எடுக்குது. மெய்யாலுமே கேக்கறேன், நீ இன்னாத்துக்குடா பொறந்த?"

இதைச் சொன்னது தெருவே கேட்கும்படி. எதிரே மளிகைக்கடை வாசலில் உளுந்து மூட்டை பிரித்துக்கொண்டிருந்த பெர்சிஸ் நிமிர்ந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. வந்து பதினைந்து வருடமாகிறது, பேச்சு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

"அண்ணே, அப்படிச் சொல்லாதிய. ஆண்டவர் ஒவ்வொருத்தரையும் ஒரு நோக்கத்தோடதான் படைச்சிருக்காரு."

"இவன வெச்சிகினு இன்னாம்மா நோக்கம்? உங்க ஆண்டவர்கிட்ட கேட்டுச் சொல்லு."

அர்ஜுன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். முத்தம்மா அடுப்படியில் இருந்தாள். அவள் வெளியே வரவில்லை. பாத்திரம் உருட்டுகிற சத்தம்கூட வரவில்லை. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். முத்தம்மா மீன் கூடையோடு தெருவில் இறங்கினால் லாரி டிரைவர் ஹாரனை நிறுத்திவிட்டு அவள் சொல்வதைக் கேட்பான். அப்படிப்பட்ட தொண்டை.

புதன் விடிவதற்கு முன்னே கோதண்டமும் கமாலும் ஃபைபர் படகில் போனார்கள். கமால் கொருக்குப்பேட்டைக்காரன், கோதண்டத்தோடு ஏழு வருடமாகத் தொழில் செய்கிறவன். மதியம் திரும்ப வேண்டும். வரவில்லை. மைக்கில் கூப்பிட்டால் பதிலில்லை. சாயங்காலம் நாலு படகு தேடிப் போய் வந்தது. வியாழக்கிழமை ரோந்துக் கப்பலும் ஒரு சுற்று வந்தது. மேற்கே இருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆடியில் அந்தக் காற்று கரையில் காயப்போட்ட வேட்டியையே கடலுக்கு அனுப்பும். எஞ்சின் நின்ற படகை என்ன செய்யும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அறையில் நாலு பேர் இருந்தோம். முத்தம்மா, கமாலின் மனைவி ஷாஸியா, கையில் ஒரு தூக்கு டீயும் பொறை பிஸ்கட்டுமாக வந்த பெர்சிஸ், நான். அர்ஜுன் இரண்டு நாளாகக் காசிமேட்டிலேயே கிடந்தான். வருகிற படகையெல்லாம் விசாரித்துக்கொண்டு, கடையில் ஒரு பெட்டியைப் பத்தாம் நம்பரில் அலறவிட்டபடி.

ஷாஸியா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். முத்தம்மா இரண்டு நாளாகத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. அழவும் இல்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி இரைந்ததே தவிரப் பேசவில்லை.

"அக்கா, இப்படிக் கல்லு மாதிரி இருந்தா எப்படி?" என்றாள் பெர்சிஸ். "வாய்விட்டுக் கேளுங்க. மனசுல உள்ளத ஒண்ணுவிடாமக் கொட்டுங்க. கேக்கவங்களுக்கு அவரு காது குடுக்காம இருக்கமாட்டாரு."

"கேக்க பயமா கீது பெர்சீசு."

"கேக்கதுக்கு என்னக்கா பயம்?"

முத்தம்மா எழுந்தாள். ஒரு துண்டு வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். ஒத்தை ரூபாய்க் காசு ஒன்றை வைத்து முடிந்தாள். வேண்டிக்கொள்கிறவர்கள் காசு முடிந்து சாமி படத்தில் கட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். காரியம் நடந்ததும் அவிழ்த்து உண்டியலில் போட வேண்டும். முத்தம்மா அம்மன் படத்தருகே போனாள், ஆனால் அங்கே கட்டவில்லை. ஒரு நிமிடம் நின்றாள். இரண்டு நாளாக அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அதிலேயே கட்டினாள். மைக்கைக் கையில் எடுத்து, காசு உள்ளே இருக்க, அந்த ஈரத் துணியை மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டு, அம்மன் படத்து ஆணியில் மாட்டினாள். மைக்குக்குக் குங்குமமும் வைத்தாள்.

காசு சரியாகப் பொத்தான்மேல் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெட்டி ஒரே அடியாக இரைச்சலை நிறுத்தியது. சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. விளக்கை நான் பார்த்தேன். அதற்கும் குங்குமம் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"போன எல்லாம் குடுங்க," என்றாள் பெர்சிஸ். "ஜெபத்துல போன் அடிக்கப்பிடாது." மூன்று போனையும் வாங்கி அணைத்துப் பருப்பு டப்பாவுக்குள் வைத்து மூடினாள். அவர்கள் சபையில் அது வழக்கம்.

முத்தம்மா கை கூப்பினாள். அவளுக்கு வேண்டிக்கொள்வதென்றாலும் வயர்லெஸ்ஸில் பேசுவதென்றாலும் ஒரே மாதிரிதான். முதலில் பெயர் சொல்வாள்.

"தாயே, எல்லம்மா. முத்தம்மா பேசறேன். கோதண்டம் பொஞ்சாதி முத்தம்மா. உனுக்குக் காது கேக்கலன்னு யார்னா சொன்னாக்கண்டி அவங்க வாயில மண்ணத்தான் போடுவேன். உனுக்கு ஸோக்கா கேக்குது. அதான் எனுக்கு பயம்.

"சுனாமி வந்தப்போ அர்ஜுனு கைக்கொயந்த. கழுத்து வரைக்கும் தண்ணி. அவனத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிகினு கத்தினேன். இன்னான்னு கத்தினேன்? இந்தப் புள்ளயும் கடலும் ஒண்ணுக்கொண்ணு ஆவக்கூடாதுடி தாயே, கடலு இவன வேணாம்னு துப்பணும், இவனும் கடல வேணாம்னு துப்பணும்னு கத்தினேன். நீ கேட்டுகின. ஒரு எயுத்து மாறாம கேட்டுகின. படகுல ஏறனா துப்பறான். அத்தினி டாக்டரு, மந்திரிப்பு, தாயத்து. அவங்கப்பன் ஊரக் கூட்டி வெச்சிகினு அவன எதுக்குப் பொறந்தன்னு கேக்கறான். நான்தான் வேண்டிகினேன், என் புள்ள உசுரோட கெடக்கட்டும்னு நான்தான் கேட்டேன்னு ஒரு வார்த்த சொல்லல. இருவது வருசமா புள்ள திட்டு வாங்கறத வேடிக்க பாத்துகினு கீறேன்."

ஷாஸியாவின் மணி நின்றுவிட்டது. முத்தம்மாவுக்குக் குரல் ஏறியது. மீன் விற்கிற குரல், அறை கொள்ளாது.

"செவ்வாக்கெயம அந்தாளு கேட்டதும் எனுக்கு வயிறு எரிஞ்சிச்சி. ஒரு காசு முடிஞ்சி அரிசி டிரம்முக்குப் பின்னால வெச்சேன். இந்தாளக் கடலே வெச்சிக்கட்டும், என் புள்ள நிம்மதியா கீட்டும்னு சொல்லி வெச்சேன். கோவத்துல சொன்னது தாயே! கோவத்துல கேக்கறதயும் கேப்பியா? நீயும் ஒரு பொம்பளதானே, புருசன் மேல ஒரு வார்த்த வாயில வர்றது உனுக்குத் தெரியாதா? அத்த வாபஸ் வாங்கிக்கறேன். நான் கேக்கவேயில்லன்னு வெச்சிக்க. கமால் இன்னா பண்ணான்? நான் அவன் பேரே சொல்லலியே, அவன ஏன் சேத்து எடுத்த? ரெண்டு பேத்தயும் இட்டாந்து கரையில வுடு. இதான் கடசி. இதுக்கு அப்பால உன்கிட்ட நான் எதுவுமே கேக்க மாட்டேன். ஒரு கல்லு உப்பு வேணும்னு கூட கேக்க மாட்டேன். சத்தியம்."

பெர்சிஸ் ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே இருந்தாள். ஒன்றுவிடாமல் கொட்டச் சொன்னது அவள்தான், இவ்வளவு இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஷாஸியா எழுந்தாள். வாசற்படிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"சாசியா."

"பேசாதக்கா."

"நான் கமால சொல்லலடி."

"ஒரே படகுதானேக்கா போவுது. உம் புருசன் மட்டும் தனியாவா முயுகுவாரு?"

அப்போதுதான் முத்தம்மா அழ ஆரம்பித்தாள். இரண்டு நாள் அழுகை. தலையைச் சுவரில் மோதிக்கொள்ளப் போனாள், பெர்சிஸ் பிடித்துக்கொண்டாள். டீ கவிழ்ந்தது. ஷாஸியா வாசலில் உட்கார்ந்தபடி விசும்பினாள். மூன்று பெண்களையும் பார்த்தேன். சாவு விழுந்த வீட்டில் ஆறுதல் சொல்வது எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"அழாதம்மா," என்றேன். "பாரமா கீறத அந்தரத்துல வெச்சிருக்கறது ரொம்பக் கஷ்டம், எனுக்குத் தெரியும். ஒரு தபா கப்பல்லேர்ந்து ஒரு ரயில் எஞ்சினு..."

முழுக்கச் சொன்னேன். மேஸ்திரியின் பீடி, டீக்கடைக்காரனின் சண்டை, ஒன்றையும் விடவில்லை. யாரும் தடுக்காததால், வழக்கமாகச் சொல்லாத இரண்டாவது எஞ்சினையும் சேர்த்துக்கொண்டேன்.

இது நடந்துகொண்டிருக்கும்போது காசிமேட்டில் என்ன ஆனது என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஏல நேரம். சங்கரா மீனுக்கு ஏலம் கூவிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினானாம். அர்ஜுன் கடைப் பெட்டியிலும், கட்டியிருந்த ஒவ்வொரு படகிலும், ஐஸ் மிஷின் பக்கத்துப் பெட்டியிலும் ஒரே நேரத்தில் "முத்தம்மா பேசறேன்" என்று வந்தது. கூடை தூக்கினவர்கள் கூடையை இறக்கவில்லை. சுனாமி என்ற சொல் வந்ததும் மீன் அறுக்கிற மங்கம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அர்ஜுன் ஒரு போனைப் பிரித்து வைத்திருந்தான். கையிலிருந்த திருகாணி விழுந்தது. தனக்கு ஏன் வாந்தி வருகிறது என்று அவன் தெரிந்துகொண்டது அப்படித்தான், இருநூறு பேர் நடுவில், அம்மன் காதுக்கு என்று சொன்னது தன் காதில் விழுந்து.

"டேய், உங்கம்மா மைக்கு அமுக்கினு கீதுடா!" என்று யாரோ உலுக்கினார்கள். "போய் எடுத்து வுடு. கடல்ல ஒருத்தன் ஒருத்தன கூப்புட முடியாம போச்சி."

அவன் போன் போட்டான். போன் பருப்பு டப்பாவில் இருந்தது. பைக்கை எடுத்தான். இருபது நிமிட வழி. அன்றைக்கென்று சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு லாரி. சைக்கிள்கூட நுழைய முடியாது. பைக்கை ஓர் ஒர்க்‌ஷாப் வாசலில் போட்டுவிட்டு லாரிகளுக்கு நடுவே ஓடி வந்திருக்கிறான்.

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றே முக்கால். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல், அருவாமனைப் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு அம்மன் படத்தை நோக்கிப் போனான்.

"டேய், டேய், வேண்டுதல்டா! அறுக்காத!"

"அம்மா, மைக்கு ஆன்ல கீதும்மா. ஒண்ணரை மணி நேரமா ஆன்ல கீது. மஞ்சத் துணி காய்ஞ்சி இறுகிப் போயி கீது பாரு."

"ஆன்ல கீதுன்னா?"

"நீ பேசனது அல்லாம் கேட்டுச்சி."

"யாருக்கு?"

"அல்லாருக்கும்."

முத்தம்மா முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. வாசலில் இருந்த ஷாஸியா திரும்பிப் பார்த்தாள். எனக்கு இரண்டாவது எஞ்சின் ஞாபகம் வந்தது.

அர்ஜுன் துணியை அறுத்தான். காசு தரையில் விழுந்து உருண்டது. சிவப்பு விளக்கு அணைந்தது. பெட்டி சூடேறிக் கிடந்தது. ஒரு வினாடி இரைந்தது. பிறகு அடைபட்ட குழாய் திறந்த மாதிரி ஒரு குரல்:

"...க்க விடுங்க, கோதண்டம் வீட்டுல யாரு இருந்தாலும் மைக்க விடுங்க, ஆளு கெடச்சாச்சு, ரெண்டு பேரும் உயிரோட இருக்காவ, மைக்க விடுங்க, ஆளு கெடச்சாச்சு, மைக்க விடுங்க..."

ஷாஸியா வாசலிலிருந்து எப்படி வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், குழந்தை முகத்தைப் பிடிக்கிற மாதிரி.

பேசியது ஆன்றோ, விசைப்படகு டிரைவர், குளச்சல்காரர். சாயங்காலம் துறைமுகத்தில் என்னிடமே சொன்னார். கோதண்டம் ஒட்டிய எம்-சீல் காயும்போது குமிழ் ஒரு கோடு தள்ளிப் போய்விட்டது. பத்தில் இருக்க வேண்டியது பதினொன்றில் இறுகிவிட்டது. எஞ்சின் நின்றதிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் பதினொன்றில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று மணிக்கு ஒரு தடவை. பதினொன்றில் ஈ காக்கை கிடையாது.

"அந்த அக்கா ஜெபம் வந்ததும் நாங்க ஒருத்தரும் வலை இழுக்கல்ல, பாத்தியளா," என்றார் ஆன்றோ. "கையி ஓடல்ல. நம்பர மாத்தணும்னும் தோணல்ல. ஒரு தாயி அழுகா, எப்படி மாத்துவோம்? நாப்பது படகும் எஞ்சின ஸ்லோல போட்டுட்டு கேட்டுக்கிட்டே கெடந்துது. கடலு அவ்வளவு அமைதியா நான் பாத்ததில்ல."

"அப்பால?"

"அப்புறம் ஏதோ ஒரு கெழவன் ரயில் எஞ்சின் கத சொல்ல ஆரம்பிச்சான். மொத எஞ்சின் வரைக்கும் பொறுத்தோம். ரெண்டாவது எஞ்சின அவன் தூக்கவும், இனி தாங்காது மக்களேன்னு எல்லாரும் பதினொண்ணுக்கு மாறினோம். மாறின மறுநிமிசம், 'யாரனா கீறீங்களா, யாரனா கீறீங்களா'ன்னு ஒரு ஈனக் குரல். சத்தம் தெளியத் தெளிய அந்தத் திக்குலயே ஓட்டினோம்."

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிழவன் யாரென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் ஒரு நோக்கத்தோடு படைத்திருக்கிறார் என்று பெர்சிஸ் சொல்லும்போதெல்லாம் நான் கொஞ்சம் சிரிப்பேன். அதன் பிறகு சிரிப்பதில்லை. அர்ஜுனைச் சீக்கிரம் வரவிடாமல் மறித்த கண்டெய்னர் லாரியைத் திட்டுவதையும் குறைத்துக்கொண்டேன்.

நாலரை மணிக்கு ஆன்றோவின் படகு ஃபைபரைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு காசிமேட்டுக்குள் வந்தது. இவ்வளவு கூட்டத்தை மயானக்கொள்ளைத் திருவிழாவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். முதலில் கமாலை இறக்கினார்கள். உதடு வெடித்து, முகம் உப்புப் பூத்திருந்தது. ஷாஸியா அவன் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"நானும்தான் ரெண்டு நாளா துவா செஞ்சேன்," என்றாள் பெர்சிஸிடம். "அது எந்த நம்பர்ல போச்சோ தெர்ல."

"பதினொண்ணுல போயிருக்கும் பிள்ள," என்றாள் பெர்சிஸ்.

அடுத்து கோதண்டம் இறங்கினான். கூட்டம் அடங்கியது. வருகிற வழியில் நாலு மணி நேரத்துக்கு மேல் படகுக்காரர்கள் அவனுக்குக் கதை சொல்லியிருக்கிறார்கள், சிலபேர் முத்தம்மா குரலிலேயே. அரிசி டிரம் வரை அவனுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதும் தெரியும். முத்தம்மா ஐஸ் மிஷினுக்குப் பின்னால் நின்றாள். ஓடவும் இல்லை, முன்னால் வரவும் இல்லை. முந்தானையை வாயில் திணித்திருந்தாள்.

கோதண்டம் நொண்டிக்கொண்டே அவளிடம் போனான்.

"அந்தக் காசு இன்னும் அங்கதான் கீதா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எத்தினி ரூபா?"

"ஒண்ணு."

"என்னக் கடலுக்குக் குடுக்க ஒரு ரூபாதானா?" என்றான். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "இன்னாத்துக்கு நடுங்கற? என் பேர்ல வந்த காசு. நானே கோயில்ல போட்டுட்டு வரேன். மொதல்ல வூட்டுக்கு வா, பசிக்குது."

முத்தம்மா அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். மூன்றாவது குத்துக்கு அவனே சாய்ந்துவிட்டான். அர்ஜுன் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டான். அப்பனும் மகனும் அப்படி நெருக்கமாக நின்று நான் பார்த்ததில்லை. கோதண்டம் இடுப்பிலிருந்து அந்தக் கை வயர்லெஸ்ஸை உருவினான். எம்-சீல் சாணி உருண்டை மாதிரி ஒட்டியிருந்தது.

"இந்தா," என்று மகன் கையில் வைத்தான். "ரிப்பேர் பண்ணு."

பூசாரிக்குத்தான் குழப்பம். வாபஸ் வாங்கிய வேண்டுதல் காசை எந்தக் கணக்கில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. டிரம் காசையும் மைக் காசையும் ஒன்றாகப் போடு, அம்மன் பிரித்துக்கொள்வாள் என்று சொல்லி முடித்தார். கோதண்டம் போட்டுவிட்டு வந்தான். வருவதற்கு முன் யாருக்கும் தெரியாமல் மூன்றாவதாக ஒரு காசும் போட்டான் என்று கேள்வி. எதற்கு என்று அவன் சொல்லவில்லை. அவன் மைக்கில் வேண்டிக்கொள்ளவில்லையே.

முத்தம்மா சொன்ன சத்தியத்தைக் காப்பாற்றினாள். அம்மனிடம்தான் கேட்கமாட்டேன் என்றது, ஆனால் எந்தக் காதில் விழுந்தால் எங்கே போகும் என்று இனி யார் கண்டது? பெர்சிஸ் கடைக்குப் போய் ஒன்றும் கேட்காமல் நிற்பாள். புளியா, மிளகாயா, எண்ணெயா என்று பெர்சிஸ் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவாள். சரியான சாமான் வந்ததும் இவள் தலையை ஆட்டுவாள். ஓர் உப்புப் பாக்கெட்டுக்கு ஏழு நிமிடம் ஆகும்.

"கேக்க வேண்டாம்னு அவரு சொல்லவே இல்லையே அக்கா," என்று பெர்சிஸ் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "கேளுங்க, இன்னும் கேளுங்கன்னுதான் சொல்லியிருக்காரு."

"உனுக்குச் சொன்னாரு. நான் கேட்டா நடக்குது பெர்சீசு."

படகுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் கரையில் ஓர் ஆள் எல்லா நம்பரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோதண்டம் வீட்டு மாடியில் இன்னும் உயரமாக ஓர் ஏரியல் நட்டு, மூன்று பெட்டி வைத்து, அர்ஜுனை உட்காரவைத்தார்கள். அவனுக்கு ஒவ்வொரு படகுக்காரன் குரலும் தெரியும். இருமலை வைத்தே ஆளைச் சொல்வான். இரண்டு பெட்டி இரைச்சலுக்கு நடுவே மூன்றாவதில் ஒருவன் மூச்சு வாங்கினால் தலையைத் திருப்புவான். காலுக்கு ஆகாத கடல் அவன் காதுக்கு ஆனது.

ஆவணி பிறந்து கோதண்டம் மறுபடி தொழிலுக்குப் போன முதல் நாள். காலை ஒன்பது மணி. நான் மாடியில் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தேன். முத்தம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் படியிறங்கிப் போனபோதுகூட, எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. காகம் ஒரு வாளையைத் தூக்கிக்கொண்டு போனது, அதையும் விரட்டவில்லை.

பெட்டி கரகரத்தது.

"அர்ஜுனு, கேக்குதா?"

"கேக்குதுப்பா. சொல்லு."

"பதினேயு பாகம் ஆயத்துல கீறோம். காத்து இல்ல. கமால் தூங்கினு கீறான்." கொஞ்சம் இரைச்சல். "உங்கம்மா பக்கத்துல கீறாளா? எதுனா கேக்கணும்னாளா?"

அர்ஜுன் அம்மாவைப் பார்த்தான். அவள் வாயை இறுக்கிக்கொண்டு தலையை இடம் வலமாக ஆட்டினாள். கண் நிரம்பியிருந்தது.

"ஒண்ணும் கேக்கலப்பா."

பெட்டி வெறுமனே இரைந்தது. போய்விட்டான் என்று நினைத்தேன்.

"அவ ஒண்ணும் கேக்க வேணாம்னு சொல்லு," என்றான் கோதண்டம். "கேக்கறதுக்குத்தான் நீ பொறந்து கீற இல்ல."

அர்ஜுன் கைகள் பெட்டி மேலேயே இருந்தன. பொத்தானை அமுக்க அவனுக்கு வரவில்லை. கீழே ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. முத்தம்மா எழுந்து, மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, மைக்கை எடுத்தாள். மஞ்சள் கறை அதில் இன்னும் போகவில்லை. நானும் அர்ஜுனும் அவள் வாயையே பார்த்தோம்.

"முத்தம்மா பேசறேன்," என்றாள். "கூழு கரைச்சி வெச்சிகீறேன்."

சொல்லிவிட்டு, பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.